டிஸ்னிக்குக் குழந்தைகளோடு போகுமுன் நிலத்தின் கதையைக் கேளுங்கள்



போன வாரம் டல்லாஸில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். பெயர் வேண்டாம், படித்ததும் அவனுக்கே தெரியும். "டீச்சர், ஜூன்ல டிஸ்னி போகலாம்னு இருக்கோம். பெரியவளுக்கு ஆறு வயசு. சின்னவனுக்கு செப்டம்பர்லதான் மூணு முடியுது. அம்மாவும் ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, அவங்களுக்கு மூட்டுவலி. ஆர்லாண்டோவா கலிபோர்னியாவா, உள்ள இருக்கிற ஓட்டல்ல தங்கறதா வெளிய தங்கறதா, ஒரு மாசமா வீட்ல இதே பேச்சு. நீங்க போய்ட்டு வந்தீங்கல்ல, சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டிருந்தான்.

மூன்று வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போனால், அடுத்த வருடம் வேறு ஊருக்குக் கிளம்பும்போது மறுபடியும் அதே கேள்வியோடு வந்து நிற்பான். என் சமூக அறிவியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு என் வழக்கம் தெரியும். கேள்வி எதுவானாலும் நிலப்படத்தை விரித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். இதற்கும் அப்படித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஓட்டல் விளம்பரங்களைப் பார்த்தால் நீச்சல் குளம், சுவரில் மிக்கி படம், காலைச் சாப்பாடு என்று கண்ணைப் பறிக்கும். அதையெல்லாம் தள்ளி வையுங்கள். கைக்குழந்தையும் வயதானவரும் உள்ள குடும்பம் அங்கே காசு கொடுத்து வாங்குவது அறையை அல்ல, தூரத்தை. படுக்கைக்கும் பூங்காவின் வாசலுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்பதுதான் சரக்கு. அந்தத் தூரம் கலிபோர்னியாவில் ஒரு மாதிரியும் புளோரிடாவில் வேறு மாதிரியும் இருப்பதற்குக் காரணம், 1950களிலும் 60களிலும் ஒரு மனிதரிடம் எவ்வளவு பணம் இருந்தது, அவர் எவ்வளவு நிலம் வாங்கினார் என்பதுதான்.

வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண் குழந்தைகளை லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகள் குடைராட்டினத்தில் சுற்றும், அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இல்லையே என்று அங்கேதான் தோன்றியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆசை வந்த அளவுக்குக் கையில் காசு இல்லை. தன் ஆயுள் காப்பீட்டின் மேல்கூடக் கடன் வாங்கினார். கடைசியில் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 5 லட்சம் டாலர் முதல் போட்டு, 45 லட்சம் டாலர் வரை கடனுக்கு ஜாமீனும் நின்றது. பதிலுக்கு அவர் அவர்களுக்கு வாரம்தோறும் ஒரு நிகழ்ச்சி செய்து தர வேண்டும், பூங்காவிலும் பங்கு தர வேண்டும்.

இடம் பார்த்துச் சொல்லும் வேலையை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்திடம் கொடுத்தார். மழை எங்கே குறைவு, நெடுஞ்சாலை எங்கே வருகிறது, மக்கள் தொகை எந்தப் பக்கம் நகர்கிறது என்றெல்லாம் கணக்குப் பார்த்து அவர்கள் காட்டியது அனஹைம். அப்போது அது ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த சிற்றூர். அங்கே 160 ஏக்கர். ஒரு வருடத்தில் வேலையை முடித்து, சுமார் 170 லட்சம் டாலர் செலவில், 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. அன்றைய நேரடி ஒளிபரப்பைத் தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர் ரொனால்ட் ரீகன், அப்போது நடிகர். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 1 டாலர், பிள்ளைகளுக்கு 50 சென்ட். சவாரிகளுக்குத் தனிச் சீட்டு.

பூங்காவுக்கே காசு போதவில்லை என்றால் ஓட்டல் எங்கே கட்டுவது? ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரைப் பிடித்தார். 'லோன் ரேஞ்சர்', 'லாஸி' தொடர்களின் உரிமையாளராக இருந்தவர் அவர். பூங்காவுக்குப் பக்கத்தில் டிஸ்னிலேண்ட் ஓட்டலை அவர் தன் செலவில் கட்டி, அதே 1955 அக்டோபரில் திறந்தார். பெயர்தான் டிஸ்னிலேண்ட், சொத்து ராதருடையது. 1961இல் மோனோரயில் பாதையை அந்த ஓட்டல் வரை நீட்டினார்கள். அப்போதும் சொந்தமில்லை. வால்ட் இறந்து இருபது வருடங்களுக்கும் மேல் கழிந்து 1988இல் ராதர் நிறுவனத்தையே வாங்கிய பிறகுதான் அந்த ஓட்டல் டிஸ்னியின் கைக்கு வந்தது.

சுற்றியிருந்த நிலமோ யார் யாரோ வாங்கினார்கள். ஆரஞ்சு மரங்களை வெட்டிவிட்டு மோட்டல் கட்டினார்கள். மோட்டல் என்றால் வண்டியை அறை வாசலிலேயே நிறுத்திக்கொள்ளும் சிக்கனமான விடுதி. பூங்காவை ஒட்டிய ஹார்பர் பூலவார்டு சாலை முழுக்க நியான் விளக்குப் பலகைகள். ஆர்ட் லிங்க்லெட்டர் என்ற தொகுப்பாளரிடம் அக்கம்பக்கத்து நிலத்தை வாங்கிப் போடு என்று வால்ட் சொன்னாராம். இவர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் தான் விட்ட பணத்தைக் கணக்குப் போட்டதாக அவரே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார். நம் ஊரில் புறவழிச்சாலை வருமுன் கிரயம் பண்ணாமல் விட்ட மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டே, அந்தக் கதைதான்.

வால்ட்டுக்கு அந்த நியான் பலகைகள் கண்ணில் விழுந்த தூசி. உள்ளே தேவதைக் கதை, வெளியே சந்தைக்கடை. அதோடு பூங்காவைப் பார்க்க வந்தவன் தங்கிச் செலவழிக்கும் பணமெல்லாம் அடுத்தவன் கல்லாவுக்குப் போகிறது. ஆனால் தம்பி, அவருக்கு எது வருத்தமோ அது இன்று உனக்கு லாபம். ஹார்பர் பூலவார்டில் சாலையைத் தாண்டினால் பூங்கா. அங்கே உள்ள சில சாதாரண விடுதிகளிலிருந்து வாசல் ஐந்து, பத்து நிமிட நடை. டிஸ்னியின் சொந்தப் பெயர் தாங்கிய ஓட்டலிலிருந்து நடப்பதைவிட அது குறைவு! 1990களில் அனஹைம் நகராட்சியே பலகைகளை ஒழுங்குபடுத்தி, மரங்கள் நட்டு, நடைபாதை போட்டுச் சீர்செய்துவிட்டது. 2001இல் திறந்த இரண்டாவது பூங்காவின் வாசலும் முதல் பூங்காவின் வாசலுக்கு நேர் எதிரே. ஒன்றிலிருந்து வெளியே வந்தால் நேரே மற்றதற்குள் நடக்கலாம். அங்கே டிஸ்னி ஓட்டலுக்கு அதிகக் காசு கொடுப்பது பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். பூங்காவுக்குள்ளேயே தனிக் கதவு உள்ள கிராண்ட் கலிபோர்னியன் ஒன்றுதான் விலக்கு. அது தூரத்தை நிஜமாகவே குறைக்கிறது, அதற்கேற்ற விலையும் வாங்குகிறது.

இனி புளோரிடாவுக்கு வருவோம். நிலப்படத்தில் அமெரிக்காவின் வலது கீழ் மூலை, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் விரல். அனஹைமில் பட்ட பாட்டுக்குப் பிறகு இங்கே ஒரு சென்ட் நிலத்தைக்கூட அடுத்தவனுக்கு விடக் கூடாது என்ற முடிவோடுதான் வால்ட் வந்தார். 1963 நவம்பர் 22 அன்று விமானத்தில் ஆர்லாண்டோவுக்கு மேலே வட்டமடித்து இடம் பார்த்தார். கீழே சதுப்பும் ஏரியும் மாட்டுப் பண்ணையும். அன்று மாலை விமானம் நியூ ஆர்லியன்ஸில் இறங்கியபோதுதான் கென்னடி சுடப்பட்ட செய்தி அவர்களுக்குத் தெரிந்தது.

டிஸ்னி வாங்குகிறார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால் ஊர் பேர் தெரியாத கம்பெனிகளின் பெயரில் வாங்கினார்கள். ஒரு கம்பெனியின் பெயர் 'ஐஃபோர்'. அந்தப் பக்கம் போகும் நெடுஞ்சாலையின் எண் ஐ-4. எழுத்தை மாற்றிவிட்டுச் சிரித்திருக்கிறார்கள்! ஏக்கர் இருநூறு டாலருக்கும் குறைவாகக்கூட நிலம் கிடைத்தது. 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ பத்திரிகை ஒன்று குட்டை உடைத்தது, நவம்பரில் ஆளுநரை வைத்து முறைப்படி அறிவித்தார்கள். அதற்குள் சுமார் 27,400 ஏக்கர் கைக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய 111 சதுர கிலோமீட்டர். 2011இல் விரிவாக்கும் முன்பிருந்த சென்னை மாநகராட்சியில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 ஏக்கர் எங்கே, 27,400 ஏக்கர் எங்கே. ஓட்டல் கணக்கு முழுவதும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

வால்ட் 1966 டிசம்பர் 15 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ஓய்வு பெறவிருந்த அண்ணன் ராய் டிஸ்னி, ஓய்வைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தம்பியின் வேலையைக் கையில் எடுத்தார். வெறும் டிஸ்னி வேர்ல்ட் வேண்டாம், வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்றே இருக்கட்டும் என்று தம்பியின் முழுப்பெயரை வைத்தவர் அவர்தான். 1971 அக்டோபர் 1 திறப்பு. அதே டிசம்பர் 20 அன்று ராய் காலமானார். மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. அண்ணன்தம்பி பாசத்துக்கு எத்தனையோ கதை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இதையும் சேர்த்திருக்கலாம்.

திறப்பு நாளிலேயே இரண்டு ஓட்டல்கள் தயார்: கான்டெம்ப்ரரி, பாலினீசியன். அனஹைமில் செய்ய முடியாததை இங்கே செய்தார்கள். ஏரி வெட்டி, அதன் ஒரு கரையில் பூங்கா, பக்கக் கரைகளில் ஓட்டல்கள், எல்லாவற்றையும் கோக்கும் மோனோரயில். கான்டெம்ப்ரரியில் ரயில் கட்டிடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வரும். அதன் அறைகளை வேறிடத்தில் குளியலறையோடு முழுசாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, எஃகுச் சட்டத்துக்குள் அலமாரி இழுப்பறை மாதிரிச் செருகினார்கள். ஏரி வெட்டிய மண் வீணாகவில்லை. அதைக் கொட்டி மேடாக்கித்தான் மேஜிக் கிங்டம் நிற்கிறது. நாம் நடக்கும் தெரு நிஜத்தில் இரண்டாவது மாடி. கீழே ஊழியர்கள் போய்வரும் சுரங்க வழிகள். வரலாற்று மாணவர்களுக்கு இன்னொன்று: வாட்டர்கேட் நேரத்தில் நிக்சன் "நான் மோசடிக்காரன் அல்ல" என்று சொன்னது 1973 நவம்பரில் இந்த கான்டெம்ப்ரரி ஓட்டலில் கூடிய பத்திரிகை ஆசிரியர்கள் முன்னால்தான்.

வண்டி நிறுத்தும் இடத்தை ஏரிக்கு மறுகரையில் வைத்துவிட்டார்கள். அதனால் வெளியே தங்கி காரில் வருகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு, டிராமில் ஏறி, இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, மறுபடி மோனோரயிலோ படகோ ஏறித்தான் வாசலுக்குப் போக வேண்டும். கோட்டை மெல்ல மெல்லத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம், அழகுதான். 2023 ஜூனில் மகள் குடும்பத்தோடு நான் அந்தப் படகில் போனேன். ஏரிக்காற்றில் கோட்டை பெரிதாகிக்கொண்டே வந்ததைப் பார்க்க எனக்கே சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. வாத்தியார் புத்தி, கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன். காரை நிறுத்தியதிலிருந்து வாசலுக்குள் கால் வைக்கும் வரை 50 நிமிடம். போகும்போது அது உற்சாகம். மதியம் ஒரு மணிக்குத் தூக்கத்துக்கு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே 50 நிமிடத்தைத் திருப்பிப் போட வேண்டுமென்றால், ஓட்டலுக்குப் போய்த் தூங்கவைத்து மறுபடி வரலாம் என்ற நினைப்பே போய்விடும். என் பேத்திகள் இருவரும் அந்தத் தூக்கத்தைத் தாண்டிய வயது. உன் சின்னவன் தாண்டவில்லை.

ஜூன் மாதத்துப் புளோரிடா வெயில் நம் ஊர் வெயிலுக்குத் தம்பி அல்ல, அண்ணன். பன்னிரண்டு மணிக்கு மேல் புழுக்கம், மூன்று நான்கு மணிக்குப் பெரும்பாலான நாட்களில் இடியோடு மழை. காலையில் கதவு திறக்கும்போது போய், மதியச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பி, பிள்ளைகளும் பாட்டியும் கட்டையைச் சாய்த்துவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி போவதுதான் உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவரும் நாள். அந்த மதியத் திரும்பலுக்குத்தான் உள் ஓட்டல். அது இல்லாமல் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வெளியிலேயே இருப்பதாக இருந்தால், உள்ளே தங்கி ஏன் காசைக் கரைக்க வேண்டும்?

சரி, உள்ளே என்றால் எது? இதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1971 திட்டத்தில் ஏரிக்கரையில் இன்னும் மூன்று ஓட்டல்கள் இருந்தன. ஆசிய, பாரசீக, வெனிஸ் பாணியில். 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது, மக்கள் கார் எடுப்பதைக் குறைத்தார்கள், மூன்றும் காகிதத்தோடு போயின. பூங்காவுக்குக் கூட்டம் பெருகிய பிறகும் டிஸ்னியின் சொந்த ஓட்டல்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மிச்சக் கூட்டத்தைக் கிஸ்ஸிம்மி ஊரின் மோட்டல்கள் வாரிக்கொண்டன. மாட்டுப் பண்ணை ஊர், மோட்டல் ஊராகிவிட்டது. அனஹைம் கதையே தள்ளி நடந்தது.

1984இல் மைக்கேல் ஐஸ்னர் தலைமைக்கு வந்ததும் இந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தார். 1988இல் ஏரிக்கரையில், ஆசிய ஓட்டலுக்கு ஒதுக்கியிருந்த இடத்தில், கிராண்ட் ஃப்ளோரிடியன் எழுந்தது. அதே ஆண்டு கரிபியன் பீச் என்ற நடுத்தர ஓட்டல். 1994இல் ஆல் ஸ்டார் என்ற மலிவு வகை. கிஸ்ஸிம்மி மோட்டல்காரனின் வாடிக்கையாளரைத் தங்கள் வேலிக்குள் இழுப்பதுதான் நோக்கம். ஆனால் ஏரிக்கரையில் மலிவு ஓட்டல் கட்டுவார்களா? நடுத்தரமும் மலிவும் மேஜிக் கிங்டமிலிருந்து தெற்கே பல மைல் தள்ளி, பஸ் போக்குவரத்தை நம்பி. இதைக் கவனியுங்கள்: விளம்பரத்தில் எல்லாமே "டிஸ்னிக்குள்" என்றுதான் வரும். 111 சதுர கிலோமீட்டருக்குள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? தாம்பரத்தில் தங்கிவிட்டுப் பாரிமுனைக்குப் பக்கத்தில் தங்கினேன் என்று சொல்வதைப் போல. மோனோரயில் ஓட்டலுக்கும் மலிவு ஓட்டலுக்கும் வாடகை மூன்று மடங்கு வித்தியாசம் வருவது இந்தத் தூரத்தால்தான்.

2019 செப்டம்பரில் இதில் ஒரு மாறுதல். பழனி ரோப்கார் பார்த்திருப்பீர்களே, அதைப் போலத் தொங்கு ஊர்தி விட்டார்கள், ஸ்கைலைனர் என்று பெயர். மலிவு வகையில் 2003இல் வந்த பாப் செஞ்சுரி, 2012இல் வந்த ஆர்ட் ஆஃப் அனிமேஷன் இரண்டுக்கும், நடுத்தர கரிபியன் பீச்சுக்கும் அது வருகிறது. எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் ஆகிய இரண்டு பூங்காக்களுக்குப் போகும். மேஜிக் கிங்டத்துக்குப் போகாது, அதற்குப் பஸ்தான். குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம் பெரிதாகத் தெரியும்: பஸ்ஸில் ஏறினால் வண்டியை மடக்கியாக வேண்டும், தூங்கும் பிள்ளையை எழுப்பியாக வேண்டும். மோனோரயிலில் அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம். தொங்கு ஊர்தியிலும் சாதாரண ஒற்றை வண்டி அப்படியே ஏறும்.

ஓட்டல் மேல் ஓட்டலாகக் கட்டிப் பணம் பார்க்கலாம் என்ற அதே நம்பிக்கையோடு ஐஸ்னர் பாரிஸுக்கும் போனார். 1992 ஏப்ரலில் யூரோ டிஸ்னி ஆறு ஓட்டல்களோடும் ஒரு முகாமோடும் திறந்தது. அங்கே பாரிஸ் நகரம் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. ஜனங்கள் காலையில் வந்து சாயங்காலம் திரும்பினார்கள். அறைகள் காலியாகக் கிடந்தன, இரண்டே வருடத்தில் கடனைச் சீரமைக்க வேண்டி வந்தது. புளோரிடாவில் செல்லுபடியான தூரம் பாரிஸில் செல்லுபடியாகவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவுகள் என்னை மறந்துவிட்டாயா என்பார்கள். செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 2010இல் திறந்தது. சூதாட்டக் கூடங்களை அனுமதிப்பது என்று 2005இல் அந்த அரசு எடுத்த முடிவின் பின்னால் வந்த வளாகம் அது. அங்கே ஊரிலிருந்து போகிறவர்கள் வளாக ஓட்டல் எடுக்க வேண்டியதே இல்லை. லிட்டில் இந்தியாவில் தங்கினால் இட்லி, தயிர்சாதம் வாசலில். அங்கிருந்து ஹார்பர்ஃப்ரண்ட் வரை ஒரே எம்ஆர்டி, இறங்கி செந்தோசா ரயில். ஊரே கைக்கடக்கம்.

ஆர்லாண்டோ யுனிவர்சல் வேண்டுமா என்றும் அவன் கேட்டிருந்தான். 1990இல் திறந்தது, 1999இல் இரண்டாவது பூங்கா, 2025 மே மாதம் எபிக் யுனிவர்ஸ் என்று மூன்றாவது பெரிய பூங்கா. முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவர்கள் ஓட்டல்கள் பலவற்றிலிருந்து நடந்தோ படகிலோ போகலாம், அந்த வசதியில் டிஸ்னியை மிஞ்சும். ஆனால் அங்கே பேர்போன சவாரிகள் உயரம் கேட்கும். ஹாரி பாட்டர் பகுதியில் ஹாக்ரிட் சவாரிக்கு 48 அங்குலம், அதாவது 122 சென்டிமீட்டர். ஆறு வயசுப் பெண் அதை எட்டியிருக்க மாட்டாள். பெரியவளை வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து வை. கோடு 122ஐத் தாண்டிய வருடம் யுனிவர்சல் போகலாம். மேஜிக் கிங்டத்தில் பறக்கும் யானை, பீட்டர் பான், பொம்மைகள் பாடும் படகு எல்லாவற்றுக்கும் உயரக் கணக்கு கிடையாது. மடியில் வைத்துக்கொண்டு பாட்டியும் ஏறலாம்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த இடத்தை இனிமேல்தான் சொல்கிறேன். ஆர்லாண்டோவிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரக் கார் பயணத்தில் வின்டர் ஹேவன். டிஸ்னி வருவதற்கு 35 வருடங்களுக்கு முன்பே, 1936இல், டிக் போப், ஜூலி போப் என்ற கணவன் மனைவி அங்கே சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற பூந்தோட்டத்தைத் திறந்தார்கள். ஏரியில் நீர்ச்சறுக்கு வித்தை, கரையில் பூக்கள், அகன்ற பாவாடை கட்டிய பெண்கள். புளோரிடாவுக்குச் சுற்றுலாக் கூட்டத்தைப் பழக்கியதில் இந்தத் தோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டிஸ்னி வந்தபின் மெல்ல மங்கி, கைமாறி, மூடி, 2011 அக்டோபரில் அதே இடத்தில் லெகோலேண்ட் திறந்தது. நல்ல வேளையாகப் பழைய தோட்டத்தை அழிக்கவில்லை. 1939இல் ஒரு வாளியில் கொண்டுவந்து நட்ட ஆலங்கன்று, இப்போது விழுது இறக்கி ஒரு மண்டபம் போல நிற்கிறது. அதன் நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் நான் போன இடங்களில் எனக்கு ஊர் நினைப்பு வந்த ஒரே இடம் அதுதான். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளை நினைத்துக் கட்டிய பூங்கா. 2015இல் கட்டிய ஓட்டல் வாசலை ஒட்டியே இருக்கிறது, அறைக்குள்ளேயே பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டிலோடு தனிப் பகுதி. மதியத் தூக்கத்துக்கு இதைவிட வசதி வேறெங்கும் நான் பார்க்கவில்லை. மிக்கி இல்லை, அவ்வளவுதான்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன் தம்பி. ஆர்லாண்டோ என்றே முடிவானால், டிஸ்னியில் மேஜிக் கிங்டம் இரண்டு நாள், எப்காட் ஒரு நாள் போதும். நாலு பூங்காவையும் பார்த்தே தீருவது என்று கிளம்பினால் அம்மாவுக்கு முட்டி வீங்கிவிடும். ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் குடும்ப அறை என்று ஒரு வகை இருக்கிறது. ஆறு பேர் தங்கலாம், இரண்டு குளியலறை, மைக்ரோவேவ், சின்ன ஃபிரிட்ஜ். இரண்டு குளியலறையின் அருமை காலை ஏழு மணிக்குத் தெரியும். அடுப்பு கிடையாது, ஆனால் சாதம் சூடு பண்ணித் தயிர் ஊற்றிப் பிசைந்துகொள்ளலாம். வீட்டுச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் கொண்டுபோக விடுகிறார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. எப்காட் நாளுக்குத் தொங்கு ஊர்தி. மேஜிக் கிங்டம் நாட்களுக்குப் பஸ், அதைப் பொறுத்துக்கொள். கையில் தாராளமாக இருந்தால், கடைசி இரண்டு இரவை மட்டும் கான்டெம்ப்ரரிக்கு மாற்றி, மேஜிக் கிங்டத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வாசல் பத்து நிமிட நடைதான். சமைத்தே சாப்பிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால், ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமில் முழுச் சமையலறையோடு மரவீடுகள் உண்டு. 1971இலேயே தொடங்கிய முகாம், படகில் நேரே மேஜிக் கிங்டம். விலையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்.

சக்கர நாற்காலிக்கு அம்மா மறுப்பார்கள். "எனக்கென்ன, நடக்கிறேன்" என்பார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். வாடகைக்கு எடுத்து வைத்துவிடு, பதினோரு மணிக்கு அவர்களே உட்காருவார்கள். பெரிய சவாரிக்கு நீ ஒரு முறை, உன் மனைவி ஒரு முறை என்று மாறி மாறிப் போக ஏற்பாடு உண்டு. இரண்டாவது ஆள் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டாம், வாசலில் நிற்பவரிடம் கேட்டால் செய்து தருவார்.

மூன்று வயது முடியாத பிள்ளைக்கு டிஸ்னியில் சீட்டு வாங்க வேண்டியதில்லை. சின்னவனுக்கு செப்டம்பரில்தான் முடிகிறது என்கிறாய், அதனால் பயணத்தை ஆகஸ்டுக்குமேல் தள்ளாதே. கலிபோர்னியா என்று மனம் மாறினால் மேலே சொன்ன 160 ஏக்கர் கதையை நினைத்துக்கொண்டு ஹார்பர் பூலவார்டில் சாலைக்கு எதிரே ஒரு சாதாரண அறை எடு. மிச்சப்படும் பணத்தில் ஒரு நாள் கூடுதலாக இருக்கலாம். டல்லாஸிலிருந்து விமான நேரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஜூன் வெயிலும் அங்கே இவ்வளவு புழுக்கமில்லை, அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்ளும்.

போய் வந்த மற்ற பிள்ளைகள், எந்த ஓட்டலில் தங்கினீர்கள், மதியம் அறைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆனது என்று கீழே எழுதுங்கள். அறை எவ்வளவு அழகு என்று எழுத வேண்டாம். நிமிடம் மட்டும் போதும். அவன் அடுத்த வாரம் முன்பதிவு செய்யப்போகிறான்.